பழைய டிப்பரும் மாமாவின் சுத்தியலும்

ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு கொசுவத்திப் பதிவு. வெறும் கொசுவத்தி மட்டுமில்லை, நடுவுல கொஞ்சம் சரித்திரம் வரும், கொஞ்சம் கிரீசும் வரும். கை துடைக்க பனியன் வேஸ்ட் கொஞ்சம் பக்கத்துல வெச்சுக்கங்க :-)

போன மாசம் எங்க தெருவுல குடியிருக்கிற தம்பி ஒருத்தர் வந்தார். கல்குவாரியில ஜேசிபி ஓட்டுறவர். "பத்து வருஷமா அடுத்தவங்க வண்டியையே ஓட்டிட்டு இருக்கேன்ணா, சொந்தமா ஒரு டிப்பர் எடுக்கலாம்னு இருக்கேன். திருச்செங்கோட்டுப் பக்கம் 2012 மாடல் டாட்டா ஒண்ணு வந்திருக்கு, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்றார். என்னைப் போய்! நான் ஆபீசில் கம்ப்யூட்டர் தட்டுகிறவன். ஸ்கூட்டர் பஞ்சரானாலே நாலு பேரைக் கேட்கிற ஆள். ஆனால் 'லாரிக்கார வீட்டுப் பையன்' என்று தெருவுக்குள் எனக்கு ஒரு பேர் இருக்கிறது. அந்தப் பேர் எனக்குச் சேர வேண்டியது இல்லை, எங்க மாமாவுக்குச் சேர வேண்டியது. அதனால் தம்பியைக் கூட்டிக்கொண்டு மோகனூருக்குப் போனேன்.

மோகனூர் தெரியாதவங்களுக்கு: நாமக்கல்லுக்குத் தெற்கே, காவிரிக்கரையில் இருக்கிறது. ஆத்தைத் தாண்டினால் கரூர் மாவட்டம். மாமாவுக்கு இப்போ எழுபது வயசு. திண்ணையில் உட்கார்ந்து தம்பி சொன்ன எல்லாத்தையும் பொறுமையா கேட்டார். தம்பி மறுபடி மறுபடி கிலோமீட்டர் கணக்கையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"மீட்டரை உடு தம்பி. அது எப்பவோ செத்திருக்கும். இல்லாட்டி ஆரோ திருப்பி வெச்சிருப்பாங்க. அந்த வண்டி என்ன ஏத்துச்சு, எங்க கொட்டுச்சு, அதைக் கேட்டியா?"

தம்பி கேட்கவில்லை. நானும்தான்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தக் கேள்விதான் மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. டிப்பருக்கும் மற்ற லாரிக்கும் இருக்கிற வித்தியாசமே அதுதான். சாதாரண லாரி லோடு ஏத்தும், தார் ரோட்டில் போகும், இறக்கும். டிப்பர் ஆத்துக்குள் இறங்கும், குவாரிக் குழியிலிருந்து ஏறும், சேத்திலும் சரிவிலும் நின்றுகொண்டு தன் முதுகையே தூக்கும். அதனால் பழைய டிப்பர் வாங்குகிறவன் முந்தின முதலாளி செய்த அத்தனை அக்கிரமத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறான். சரி, இந்த வண்டிகள் நம்ம ஊர்ப்பக்கம் எப்படி வந்தது, மாமா மாதிரி ஒரு ஆள் கையில் எப்படி மாட்டியது என்று கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்க்கலாம்.

சுதந்திரம் வந்த சமயத்தில் நம்ம ரோட்டில் ஓடிய லாரிகள் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. 1945-ல் ரயில் எஞ்சின் செய்வதற்காக ஜாம்ஷெட்பூரில் ஆரம்பித்த டெல்கோ, 1954-ல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு ஒப்பந்தம் போட்டு லாரி செய்ய ஆரம்பித்தது. எண்ணூரில் 1948-ல் ஆரம்பித்த அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் கார் பூட்டிக்கொண்டிருந்த கம்பெனி. இங்கிலாந்தின் லேலண்டு அதில் பங்கு சேர, 1955-ல் அது அசோக் லேலண்டு ஆனது. அதன் காமெட் வண்டியைப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். சென்னையில் டி.எஸ்.சந்தானம் சுந்தரம் பைனான்ஸ் ஆரம்பித்ததும் அதே 1954-ல்தான். லாரி செய்கிறவனும், லாரிக்குக் கடன் கொடுக்கிறவனும் ஒரே சமயத்தில் கிளம்பியிருக்கிறார்கள்.

டாட்டா-பென்ஸ் ஒப்பந்தம் 1969-ல் முடிந்தது. மூக்கில் இருந்த மூணு கால் நட்சத்திரம் போய் 'டி' எழுத்து வந்தது. ஆனால் எங்க ஊரில் அதுக்கப்புறமும் ரொம்ப வருஷத்துக்கு அது 'பென்ஸ் வண்டி'தான். ஜெர்மன்காரன் போனாலும் அவன் வைத்த பேர் போகவில்லை. 1210 என்றால் என்ன என்று யாராவது யோசித்திருக்கிறீர்களா? முதல் ரெண்டு இலக்கம் லோடோடு சேர்ந்த மொத்த எடை, 12 டன். அடுத்த ரெண்டு குதிரைத்திறன், பத்தால் பெருக்கணும், 100. அப்போ 1613 என்றால் 16 டன், 130 குதிரை. டாட்டா 697 எஞ்சின் என்பார்களே, அது ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மில்லிமீட்டர் விட்டம். இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. டாட்டா டிப்பரில் 'எல்பிகே' என்று போட்டிருக்கும். அந்தக் 'கே' ஜெர்மன் மொழியில் 'கிப்பர்', அதாவது கவிழ்ப்பது, நம்ம டிப்பர். தம்பி பார்த்து வைத்திருந்த 2012 வண்டியிலும் அதே எழுத்து. ஒப்பந்தம் முடிந்து நாற்பத்து மூணு வருஷம் கழித்து வந்த வண்டியில்!

இப்போ மாமா கதை. 1970களில் அவர் மணல் லாரியில் லோடுமேன். அப்போ ஆத்தில் ஓடியது சாதாரணத் தொட்டி லாரிதான். மம்பட்டியும் சட்டியும் எடுத்துக்கொண்டு ஆறு பேர் ஏறுவார்கள். ஆத்தில் அள்ளிப் போடுவது அவர்கள், மணல் மேலேயே உட்கார்ந்து போவது அவர்கள், போன இடத்தில் பக்கப்பலகையைத் திறந்து தள்ளி இறக்குவதும் அவர்கள்தான். இறக்க ஒரு மணி நேரம் ஆகும் என்பார் மாமா. டிப்பர் வந்ததும் அந்த ஒரு மணி நேரம் ஒரு நிமிஷமானது. ஆறு பேரில் மூணு பேருக்கு வேலை போனது. மாமா கிளீனராகி, அப்புறம் டிரைவராகித் தப்பித்துக்கொண்டார். அடுத்து பொக்லைன் வந்து மிச்சம் மூணு பேரையும் வீட்டுக்கு அனுப்பியது. (பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பேர். எல் அண்டு டி அவர்களோடு சேர்ந்து இங்கே அந்த எந்திரத்தைச் செய்தது. நாம மண் தோண்டுகிற எல்லா எந்திரத்துக்கும் அதையே பேராக வைத்துவிட்டோம். இப்போ ஜேசிபி அந்த இடத்தைப் பிடித்துவிட்டது.)

டிரைவர் முதலாளி ஆகணும் என்றால் வண்டி வேணும். புது வண்டிக்குக் கடன் கொடுக்க ஆள் இருந்தது, ஆனால் அதுக்கு முன்பணம் வேணும், சொத்து காட்டணும். பழைய வண்டிக்கு பாங்கு வாசலில் நிற்கவே விடமாட்டார்கள். பத்து வருஷம் ஓடின லாரியை ஈடாக எவன் ஒத்துக்குவான்? அந்த இடத்தில்தான் 1979-ல் சென்னையில் ஆரம்பித்த ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ் பெரிய ஆளானது. பழைய லாரிதான் அவர்கள் தொழில், கடன் வாங்குகிறவர் பெரும்பாலும் டிரைவராக இருந்து முதலாளி ஆகிறவர். டிரைவரை நம்பிக் கடன் கொடுக்கலாம், வண்டி ஓடினால் பணம் வந்துவிடும் என்ற கணக்கு. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் தெருவுக்குத் தெரு லாரி வந்ததற்கு இந்த மாதிரிக் கடனும், ஊருக்குள்ளேயே இருந்த சின்னச் சின்ன பைனான்ஸ்காரர்களும் ஒரு காரணம். இன்னொரு காரணம் பட்டறைகள். சேசிசை மட்டும் கொண்டுவந்து விட்டால் போதும், பாடி கட்ட, பெயிண்ட் அடிக்க, பட்டை போட, டயர் ரீட்ரெடு பண்ண எல்லாம் நாமக்கல்லில் நடந்துபோகிற தூரத்தில் கிடைக்கும்.

மாமா 1993-ல் வாங்கினார். 1982 மாடல் டாட்டா 1210 டிப்பர், அதுக்கு முன்னாடி ரோடு காண்ட்ராக்டரிடம் இருந்தது. விலை ஒரு லட்சத்து முப்பதாயிரம். அத்தையோட எட்டுப் பவுன் நகை, பைனான்ஸ்காரரிடம் எழுபதாயிரம், மிச்சம் ஊரெல்லாம் கைமாத்து. எனக்கு அப்போ பன்னெண்டு வயசு. வண்டி பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஏன் என்று கேட்டதுக்கு, "அத்தைகிட்ட சாட்சி சொல்ல ஒரு ஆளு வேணுமல்லோ" என்றார்.

அன்றைக்கு அவர் கையில் இருந்தது ஒரு சின்னச் சுத்தியல். எஞ்சின் பக்கமே போகவில்லை. நேரா வண்டிக்கு அடியில் படுத்தார். சேசிஸ் சட்டத்தை முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் தட்டிக்கொண்டே போனார். நல்ல சட்டம் கணீரென்று கேட்கும், ரிவிட் தளர்ந்திருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ சத்தம் செத்துப்போகும் என்று அங்கிருந்தே எனக்குப் பாடம். தொட்டியைத் தூக்கும்போது லோடு முழுக்கப் பின்னால் நகர்ந்து, பின் அச்சுக்குப் பின்னாடி இருக்கிற கீல் மேல் உட்காரும். அதனால் டிப்பர் சட்டம் விரிகிற இடம் பெரும்பாலும் அங்கேதான், பின் பட்டை மாட்டியிருக்கிற தாங்கிக்குப் பக்கத்தில். வெல்டிங் தடம் இருந்தால் விரலால் தடவிப் பார்த்தார். புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் அங்கே நகத்தால் சுரண்டினார்.

அடுத்து ஜாக்கி. தொட்டியைத் தூக்குகிற ஹைட்ராலிக் சிலிண்டரைத்தான் எங்க ஊரில் ஜாக்கி என்போம். கியர்பாக்ஸ் பக்கத்தில் பி.டி.ஓ. என்று ஒரு சின்னப் பல்சக்கரப் பெட்டி இருக்கும். அது எஞ்சின் சக்தியைத் திருடி ஆயில் பம்பைச் சுத்தும், பம்ப் ஜாக்கிக்குள் ஆயிலைத் தள்ளும், தொட்டி எழும்பும். இதில் புதுசாக ஒன்றுமில்லை. ஆனால் பழைய வண்டிகளில் ஜாக்கி தொட்டிக்கு அடியில், நடுவில் இருக்கும். இப்போ வருகிற டிப்பர்களில் டிரைவர் கேபினுக்குப் பின்னாடி, தொட்டியின் முன்பக்கத்தில் நீளமாக மடிப்பு மடிப்பாக நிற்கும். வித்தியாசம் நெம்புகோல் கணக்குதான். கீலுக்குக் கிட்டத்தில் நின்று தூக்குகிறவன் லோடைவிடப் பல மடங்கு பலம் போடணும், தூரத்தில் நின்று தூக்குகிறவனுக்குப் பாதி கஷ்டம். அதனால் பழைய அடி ஜாக்கியில் அழுத்தம் ஏகப்பட்டது இருக்கும், சீல் சீக்கிரம் போகும். மாமா காலித் தொட்டியை முழுக்கத் தூக்கச் சொல்லி, எஞ்சினை அணைக்கச் சொல்லி, தொட்டி விளிம்புக்கு நேரா பக்கத்துச் சுவத்தில் கரியால் ஒரு கோடு போட்டார். அப்புறம் டீக்கடைக்குப் போய்விட்டோம். அரைமணி கழித்து வந்து பார்த்தால் ரெண்டு விரக்கடை இறங்கியிருந்தது. "சீல் மாத்தோணும். விலையில நாலாயிரம் கொறைங்க" என்றார். குறைத்தார்கள்.

எஞ்சினைக் கடைசியாகத்தான் பார்த்தார். ராத்திரி முழுக்க நின்ற எஞ்சினைக் காலையில் அவரே ஸ்டார்ட் பண்ணினார். ஓடும்போதே ஆயில் ஊத்துகிற மூடியைத் திறந்து, புகை பீடிப் புகை மாதிரி வருகிறதா, ரயில் மாதிரி வருகிறதா என்று பார்த்தார். பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்திருந்தால் அந்த வழியாகக் குபுகுபுவென்று தள்ளும். "எஞ்சின் போனா எறக்கிக் கட்டிக்கலாம், நாமக்கல்லுல பத்து நாளு வேலை. சட்டம் போனா வண்டியே போச்சு." இதுதான் அவர் வரிசைக்குக் காரணம். இப்போ வண்டி வாங்குகிறவர்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள் என்று அவருக்கு ரொம்ப வருத்தம்.

வாங்கினது ஒரு நாள் கூத்து, வைத்துக் காப்பாத்தினது பதிமூணு வருஷம். ஞாயித்துக்கிழமை ஆனால் எனக்கு கிரீஸ் கன் டூட்டி. கிங்பின், பட்டைப் பின், தொட்டிக் கீல், ப்ரொபெல்லர் ஜாயிண்ட் என்று ஒரு நிப்பிள் விடாமல் பழைய கிரீஸ் கருப்பாக வெளியே வந்து புதுசு எட்டிப் பார்க்கிற வரைக்கும் அடிக்கணும். நிப்பிளைத் துடைக்காமல் அடித்தால் தலையில் ஒரு குட்டு. ஆத்து மணல் நிப்பிள் மேல் உட்கார்ந்திருக்கும், அதைக் கிரீசோடு சேர்த்து உள்ளே அனுப்பினால் புஷ்ஷை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. ஏர் கிளீனர் அப்போ ஆயில் தொட்டி வகை. வாரத்துக்கு ஒருதரம் கழட்டி, அடியில் களியாகக் கிடக்கிற தூசியை வழித்து, டீசலில் கழுவி, புது ஆயில் ஊத்தணும். டீசல் பம்ப் மைக்கோ. வருஷத்துக்கு ஒருதரம் கழட்டி சேலத்தில் கொடுத்து அளவு பார்த்து வருவார். கமான் பட்டைதான் பெரிய செலவு. மாசத்துக்கு ஒரு பட்டையாவது ஒடியும். கொல்லுப்பட்டறையில் காய்ச்சி வளைத்து, கூட ரெண்டு பட்டையும் சொருகிக் கட்டுவார்கள். ஏன் கூட ரெண்டு? அந்த விஷயத்துக்கு இதோ வருகிறேன்.

அதுக்கு முன்னாடி ஒரு சம்பவம். 1995 என்று நினைவு. தொட்டியைத் தூக்கி வைத்துவிட்டு மாமா கீழே பி.டி.ஓ. பக்கம் தலையை விட்டு ஏதோ நட்டு முறுக்கிக்கொண்டிருந்தார். ஜாக்கிக்குப் போகிற ரப்பர் ஓஸ் வெடித்தது. சூடான ஆயில் பீய்ச்சி அடிக்க, தொட்டி அப்படியே இறங்கியது. அன்றைக்குக் காலையில் கிளீனர் பையன் சும்மா இருக்காமல் ஒரு வேப்பங்கட்டையை முட்டுக் கொடுத்திருந்தான். கட்டை பாதி பிளந்து நின்றது. மாமா வெளியே வந்து அந்தப் பையனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. அடுத்த நாளே பட்டறையில் சொல்லி, சேசிசோடு சேர்த்து ஒரு இரும்பு முட்டுக்கால் வெல்டு பண்ணிவிட்டார். பழைய டிப்பர் வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், மத்ததெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, தூக்கின தொட்டிக்கு அடியில் முட்டு இல்லாமல் தலையை விடாதீங்க. அத்தைக்கு இந்தக் கதை இன்னும் தெரியாது. தெரிந்தவங்க யாரும் போட்டுக் கொடுத்துடாதீங்க சாமி!

இப்போ அந்த ரெண்டு பட்டைக் கணக்கு. நம்ம ஊரில் மணல், ஜல்லி எல்லாம் யூனிட் கணக்கு. ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. காய்ந்த மணலே ஒரு யூனிட் சுமார் நாலரை டன் வரும். ஆத்திலிருந்து ஈரமாக அள்ளினால் இன்னும் கனம். 1210-ன் மொத்த எடை 12 டன். வண்டி, இரும்புத் தொட்டி, ஜாக்கி எல்லாம் கழித்தால் ஆறேழு டன்தான் நியாயம். அதாவது ஒன்றரை யூனிட். ஆனால் ஒன்றரை யூனிட் என்று யாரும் விலை பேசியதே கிடையாது. ரெண்டு யூனிட்தான் ஒரு லோடு, அதாவது ஒன்பது டன். பைனான்ஸ் டியூ, டீசல், டயர், டிரைவர் படி எல்லாம் அந்த அதிகப்படி ரெண்டரை டன்னில்தான் வந்தது. சட்டப்படி ஏத்தியிருந்தால் மாமா முதல் வருஷமே வண்டியைக் கொடுத்துவிட்டு ஸ்டியரிங் பிடிக்கப் போயிருப்பார். சட்டம் விரிந்ததும், பட்டை ஒடிந்ததும், ரோடு குழியானதும் அதே ரெண்டரை டன்னால்தான். 2018 ஜூலையில் மத்திய அரசு ரெண்டு அச்சு லாரிக்கு மொத்த எடையை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியபோது மாமா சிரித்தார். "நாங்க இருவத்தஞ்சு வருசத்துக்கு முந்தியே ஒசத்திட்டோம்."

எங்க அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு, என் காலேஜ் பீஸ், மாமா பொண்ணு கல்யாணம் எல்லாம் அந்த வண்டி போட்ட நடைகளில்தான் நடந்தது. நாளைக்கு அஞ்சு நடை, ஆறு நடை. எல்லாம் காவிரி மணல். இதை எழுதாமல் விட்டால் இந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை. முதலில் குவாரி ஏலம் எடுத்த தனியார் கையில் ஆறு இருந்தது. 2003 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ஆத்து மணல் குவாரிகளைத் தன் கையில் எடுத்து பொதுப்பணித்துறை மூலமாக விற்க ஆரம்பித்தது. கை மாறினாலும் அள்ளுவது குறையவில்லை. நான் சின்னப்பையனாக இருக்கும்போது காலைச் சுடுகிற மணலில் ஓடித்தான் தண்ணிக்குப் போகணும். இப்போ அதே இடத்தில் களிமண்ணும் பாறையும் கோரையும் தெரிகிறது. மாமாவோட தோட்டத்துக் கிணறு வத்தி, ஆழப்படுத்தி, அதுவும் போதாமல் உள்ளே போர் போட்டார். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில், ஆர்தர் காட்டன் 1830களில் கட்டின மேலணையில், கொள்ளிடம் பக்கம் ஒன்பது ஷட்டர்கள் வெள்ளத்தில் போனது. மணல் அள்ளினதும் ஒரு காரணம் என்று நிறையப் பேர் சொன்னார்கள். டிவியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த மாமாவிடம் கேட்டேன், ஏனுங் மாமா, இதுல நம்ம வண்டியும் உண்டுங்களா என்று.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வந்தது. "நாம அள்ளாட்டி வேற ஆளு அள்ளியிருப்பான்னு அப்பச் சொன்னேன். அது நெசந்தான். கெணறு வத்துனதும் நெசந்தான்." எழுந்து உள்ளே போய்விட்டார்.

2006-ல் அந்த 1210-ஐ ஒரு செங்கல் சூளைக்காரருக்கு விற்றார். வாங்கின விலையில் பாதிக்கு மேல் கிடைத்தது. நல்லா வைத்திருந்ததுக்குச் சாட்சி என்று இன்னும் அந்தத் தொகையைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அதுக்கப்புறம் காலம் வேகமாக மாறியது. 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட், அஞ்சு ஹெக்டேருக்குக் குறைந்த சின்னக் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேணும் என்றது. ஆத்து மணல் போய் எம் சாண்டு வந்தது, டிப்பர்கள் ஆத்தை விட்டுக் கல்குவாரிக்கு ஏறின. 2017 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க பி.எஸ். 4, 2020 ஏப்ரலில் பி.எஸ். 6. புதுசில் புகை கம்மி, நல்லதுதான். ஆனால் சென்சார் போனால் சுத்தியலால் தட்டிக் கண்டுபிடிக்க முடியாது, லேப்டாப் கொண்டுவரணும். 2022 ஏப்ரலில் 15 வருஷம் தாண்டின கனரக வண்டிக்கு எஃப்.சி. கட்டணத்தைப் பல மடங்கு உயர்த்தி 12,500 ரூபாய் ஆக்கினார்கள். அதுக்கப்புறமும் கட்டணம் மாறியிருக்கிறது, எஃப்.சி. காட்டப் போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். தம்பி பார்த்த 2012 வண்டி பி.எஸ். 3, கடைசித் தலைமுறைகளில் ஒன்று, அதாவது பழைய பட்டறை ஆட்களுக்கு இன்னும் கை வருகிற வண்டி. ஆனால் வயசு 15-ஐ நெருங்குகிறது. மாமா 1993-ல் வாங்கினது பதினோரு வருஷ வண்டி, அதுக்கு முன்னால் இன்னும் பதிமூணு வருஷம் இருந்தது. தம்பிக்கு அந்த அவகாசம் இல்லை. பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டாலும் கணக்கு அவருக்கு எதிராகத்தான் நிற்கிறது. அத்தோடு ஏற்கெனவே புரோக்கரிடம் பத்தாயிரம் அட்வான்ஸ் வேறு கொடுத்திருந்தார்!

சரி, போய்ப் பார்த்தோம். திருச்செங்கோட்டுக்கு வெளியே ஒரு ஷெட். வண்டி பளபளவென்று நின்றது. மாமா சுத்தியலை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்தபோது புரோக்கர் சிரித்தார். எழுபது வயசுக்கு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம் என்று நான் சொன்னதைக் கேட்கவில்லை. நாலு நிமிஷம்தான். "கண்ணு, டார்ச்சு அடி" என்றார். பின் பட்டைத் தாங்கிக்கு ஒரு சாண் முன்னால், கருப்புப் பெயிண்டுக்கு அடியில், சட்டத்தின் ரெண்டு பக்கமும் தகடு வைத்து வெல்டு பண்ணியிருந்தது. தகட்டு ஓரத்திலிருந்து புதுசாக ஒரு விரிசல் முடி மாதிரி கிளம்பியிருந்தது. சட்டத்தின் அடி விளிம்பிலேயே குறுக்காக வெல்டு வைத்திருந்தார்கள். அது செய்யவே கூடாத வேலை, சூடு பட்ட இடம்தான் அடுத்து விரியும். ஜாக்கி என்னமோ அசையாமல் நின்றது. எஞ்சினும் அருமை. தம்பிக்கு முகம் சுருங்கிப்போச்சு.

"இந்த விலைக்கு வேற வண்டி கிடைக்காதுங்கய்யா. சட்டத்த மாத்திக்கலாமில்லீங்களா?"

"மாத்தலாம் தம்பி. எஞ்சின் எறக்கி, கியர்பாக்ஸ் எறக்கி, தொட்டி எறக்கி, ஆர்.டி.ஓ.ல எழுதிக் கொடுத்து, சேசிஸ் நம்பரு சரிபண்ணி மாத்தலாம். அதுக்கு ஆவற காசுல இன்னொரு வண்டிக்கு அட்வான்ஸ் குடுத்துரலாம். குவாரியில மேட்டுல நின்னு தொட்டிய தூக்கறப்ப இந்தச் சட்டம் ஒடிஞ்சா, நீ எந்தப் பக்கம் குதிப்ப?"

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அட்வான்சில் பாதிதான் திரும்பி வந்தது, அதுவும் ஒரு மணி நேரம் சத்தம் போட்டபிறகு. வருகிற வழியில் பேருக்கு ஒரு டீ குடித்தோம். சங்ககிரியில் இன்னொரு வண்டி இருக்கிறதாம், 2015 மாடல், விலை ஒன்றரை லட்சம் அதிகம், தம்பியோட மனைவி நகையைத் தரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாராம். எனக்கு அத்தையோட எட்டுப் பவுன் ஞாபகம் வந்தது. அதை மாமா திருப்ப மூணு வருஷம் ஆச்சு.

நேற்று ராத்திரி மாமா போன் பண்ணினார். "சனிக்கிழமை காத்தால ஆறு மணிக்கே போயிரோணும்னு அந்தத் தம்பிகிட்டச் சொல்லு. நாம வர்றதுக்கு முந்தி வண்டிய ஆரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. எஞ்சின் பச்சுனு இருக்கோணும், தொட்டுப் பாத்துட்டுத்தான் நான் சாவியே போடுவேன்."